ஐஸ்க்ரீம் டப்பாவில் ஆர்க்கிட்

மாமியாருக்கும் எனக்கும் சமையலில் ஒத்துப்போகாது, சீரியலில் ஒத்துப்போகாது. செடி என்றால் மட்டும் இருவரும் ஒரே கட்சி. கிழக்கேகோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கால் வைக்க இடம் கிடையாது. செடி விற்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருவருமே இருந்தோம். ஒருநாள் அதில் ஒரு மஞ்சள் ஆர்க்கிட்டின் படம் வந்தது. குட்டிச் செருப்பு போல ஓர் இதழ், மற்ற இதழ்களின் நடுவே பழுப்புக் கோடு.

"அடியே, இது நமக்கு வேணும்," என்றார் மாமியார்.

மறுநாள் கழக்கூட்டம் பக்கம் இருக்கும் என் ஆபீஸில், பக்கத்து சீட்காரரிடம் படத்தைக் காட்டினேன். லீவு நாட்களில் வனத்துறையினரோடு போய்க் காட்டுச் செடிகளைக் கணக்கெடுப்பவர் அவர். முகமே மாறிவிட்டது. அகத்தியமலைப் பக்கம் தவிர வேறெங்கும் தானாக முளைக்காத செடியாம். இனி இல்லை என்றே ஒரு காலத்தில் நினைத்தார்களாம். விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.

அவர் தகவல் சொல்ல, அந்த வாரமே வனத்துறை அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். இளம்பெண். பாதி மலையாளம், பாதி தமிழ்.

"செடி விக்கறவன் அறியாத ஆளுக்குக் காட்ட மாட்டான் மாமி. நீங்க பழைய கஸ்டமர். ரெண்டு பேரும் போயி பாக்கணும். செடி இருந்தா எனக்கு ஒரு மிஸ்டு கால். அத்தறையே வேண்டூ, அவ்வளவு போதும்."

மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி முன் நின்று அப்பாவியாக முழித்துப் பழகினார். புறப்படும்போது பார்த்தால் பட்டுப்புடவை.

"செடி வாங்கப் போறச்சே பட்டா?"

"இருக்கட்டும்டீ. பட்டு கட்டினவாளை யாரும் சந்தேகப்பட மாட்டா."

நெடுமங்காடு போகும் வழியில் அவன் வீடு. முப்பது வயதிருக்கும், பரம சாது. மாடிக்கு அழைத்துப் போனான். பச்சை வலைக்குக் கீழே ஏழு ஐஸ்க்ரீம் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் மலைமண் ஒட்டிய வேரோடு ஓர் ஆர்க்கிட். ஒன்றில் மொட்டு.

"ஒறிஜினலாணு மாமி. காட்டுலேந்து நேரா வந்தது, கேட்டோ."

மாமியார் குனிந்து ஒரு டப்பாவுக்குள் விரலை விட்டார். அவ்வளவுதான், வந்த காரியம் மறந்து போயிற்று.

"இதென்னடா இது, கொளமா? இத்தன தண்ணி விட்டா அழுகிப் போகாதோ? அடியில ஒரு ஓட்டை கெடையாது! செடி வளக்கறவனா நீ?"

அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கியபடி, முந்தானைக்குள் போனை மறைத்து, பார்க்காமலே நம்பரை அழுத்தி உடனே துண்டித்தேன். அடுத்த நிமிஷம் போன் அடித்தது. மாமனார்! தவறிப்போய் அவருக்கல்லவா மிஸ்டு கால் கொடுத்திருக்கிறேன். அவருக்குக் காது மந்தம். போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"என்னாச்சு? ஃபாரஸ்ட்காரா வந்து பிடிச்சாச்சா?"

மாடி முழுக்கக் கேட்டது. அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். சட்டென்று இரண்டு டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு படியை நோக்கி ஓடினான். அதற்குள் மாமியார் பட்டுப்புடவையோடு படி வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னைத் தாண்டிப் போ, பாக்கலாம். அதைக் கீழ வை. மொட்டு ஒடிஞ்சா தொலைச்சுடுவேன்!"

அவன் கீழே வைத்துவிட்டான். நிஜமாகவே, பதமாக வைத்தான். நான் இந்த முறை சரியான நம்பரை அழுத்தினேன். தெருமுனையில் ஆட்டோவில் மறைந்து காத்திருந்த வனத்துறையினர் ஓடிவந்தபோது, மாமியார் எழுந்திருக்க முடியாமல் கையை நீட்டிக்கொண்டிருந்தார். முட்டி பிடித்துக்கொண்டதாம். அதிகாரிதான் தூக்கிவிட்டார்.

செடிகளைத் தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோன வனத்துறை ஜீப்பில், மொட்டு விட்ட டப்பா மாமியாரின் மடியில். யாரிடமும் தர மாட்டேன் என்றுவிட்டார்.  பாதி வழியில் மெல்லச் சொன்னார்: "எங்காத்து மாடியிலயும் இவன்கிட்ட வாங்கினது மூணு ஆர்க்கிட் இருக்கு. காட்டுலேந்து வந்ததா இருக்கும்னு அப்போ தோணலை. அதையும் எடுத்துக்கோங்கோ."

அதிகாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏழில் இரண்டு செத்துவிட்டன. மீதி ஐந்தும் தேறி, மழை தொடங்கியதும் மலைக்கே திரும்பிப் போயின. மாமியார் அதிகாரிக்குப் போன் போட்டு விசாரித்தார்.

"எந்த எடத்துல வெச்சேள்?"

"அது மாத்ரம் சொல்ல மாட்டேன் மாமி."

"பேஷ். எங்கிட்டயே சொல்லாதவ வேற யார்ட்ட சொல்லுவா!" என்று போனை வைத்துவிட்டு, மாமனார் பக்கம் திரும்பி, "பிடிச்சாச்சாவாம், பிடிச்சாச்சா!" என்று ஆரம்பித்தவர், சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன விஷயம் என்று மாமனார் கத்திக் கேட்க, பதில் சொல்ல எனக்கும் மூச்சு வரவில்லை.