ஸ்கோர் தாளில் நான் போடாத கோடு

மகள் படித்த கொலிஜ் பள்ளிக்கூடத்தின் பெண்கள் கூடைப்பந்து அணி பதினொரு வருடமாக ஃபைனல்ஸ் சுற்றுக்குப் போனதில்லை. சனிக்கிழமைகளில் அரங்கின் படிகளில் இருக்கும் பெற்றோர் அதைப் பகிடியாகவே சொல்லிக்கொள்வார்கள்.

"ஃபைனல்ஸ் நேரத்துக்கு இப்பவே ஊருக்கு டிக்கெட் போட்டுடலாம் அண்ணா. நம்ம பிள்ளைங்க ஃப்ரீயாத்தான இருப்பாங்க" என்பார் கெல்லிவில் என்ற புறநகரிலிருந்து வரும் ஒரு தமிழ்நாட்டுத் தாய். அவருடைய மகள் ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அந்த அணியில்தான் இருந்தாள். பெரும்பாலும் ஆடுகளத்துக்கு வெளியே வாங்கில் இருப்பாள். கடைசி சில நிமிடங்களுக்கு இறக்குவார்கள். அதற்கும் சிரித்துக்கொண்டே ஓடிவருவாள்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு அணிகளிலிருந்தும் ஒவ்வொரு பெற்றோர் மேசையில் இருக்கவேண்டும். ஒருவர் மணிக்கூடு பார்ப்பார், மற்றவர் ஸ்கோர் எழுதுவார். எங்கள் முறை வரும்போதெல்லாம் மனைவிதான் போவாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலத்தில் ஒரு தாளை முன்னால் வைத்தால் மனைவி பக்கம் தள்ளிவிடுவேன். அன்று மனைவி வேலை செய்யும் முதியோர் இல்லத்திலிருந்து அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் நான் போனேன்.

"புள்ளி போட்டா நம்பருக்கு நேர எழுதுங்கோ. ஆர் உள்ள வந்தாலும் பேருக்குப் பக்கத்தில ஒரு கோடு. அவ்வளவுதான் அப்பா" என்று மகள் சொல்லித்தந்தாள்.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது அந்தத் தமிழ்நாட்டுத் தாயின் பிள்ளை மேசையடிக்கு வந்து, "அங்கிள், சப்" என்றாள், வேறொருத்திக்குப் பதிலாக இறங்குகிறாளாம். அதே நேரம் பக்கத்தில் மணிக்கூடு பார்த்துக்கொண்டிருந்த மற்ற அணியின் வெள்ளைக்காரர் தாளைக் காட்டி என்னவோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே போய் ஓடினாள், ஒரு முறை விழுந்தும் எழும்பினாள். புள்ளி ஒன்றும் போடவில்லை. நான் கோடும் போடவில்லை.

அந்த வருடம் எங்கள் அணி ஃபைனல்ஸுக்குத் தெரிவானது. தாய்மார் கட்டிப்பிடித்து அழுதார்கள். அடுத்த நாளே கூடைப்பந்துச் சங்கத்திலிருந்து அறிவித்தல் வந்தது. ஃபைனல்ஸில் இறங்க இத்தனை ஆட்டம் ஆடியிருக்கவேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. இடையில் கணுக்கால் சுளுக்கிச் சில ஆட்டங்களுக்கு வராததால் அந்தப் பிள்ளைக்குக் கணக்கில் ஓர் ஆட்டம் குறைகிறது. நான் கோடு போடாமல் விட்ட ஆட்டத்தைச் சேர்த்தால் கணக்குச் சரி.

ஸ்கோர் எழுதியவர் புதன்கிழமை நேரில் வந்து சொன்னால் சேர்த்துக்கொள்வார்களாம். மணிக்கூடு பார்த்தவர் தனக்கு எங்கள் பிள்ளைகளைத் தெரியாது என்றுவிட்டாராம். மகள் குசினி வாசலில் நின்று எனக்கு இதைச் சொன்னாள்.

மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள், ஒரு ஃபோம் தாள் நீட்டுவார்கள், 'இதை வாசித்து நிரப்பு' என்பார்கள். எனக்கு அதுதான் கண்ணில் வந்தது.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லையம்மா" என்றேன்.

மகள் என்னையே பார்த்தாள். "உங்களுக்குப் பக்கத்தில வந்து நிண்டவள் அப்பா."

"கன பிள்ளையள் வந்தவை."

அன்று பின்னேரம் அந்தத் தாயும் தொலைபேசியில் கூப்பிட்டார். "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கண்ணா. இவளுக்கு இதுதான் கடைசி வருஷம்." அவருக்கும் அதையே சொன்னேன். சொல்லும்போது அவள் விழுந்த இடம்கூட எனக்குத் தெரிந்தது. புதன்கிழமை வேலைக்குப் போய் கோழி இறைச்சிப் பெட்டிகளை அடுக்கினேன். பிறகு பயிற்சியாளர் மகளிடம் சொன்னாராம், ஃபோம் எல்லாம் தானே நிரப்பி வைத்திருந்தாராம். நான் 'யெஸ்' என்று மட்டும் சொல்லியிருந்தால் போதுமாம்.

ஃபைனல்ஸில் அந்தப் பிள்ளை சாதாரண உடுப்போடு வாங்கில் இருந்து தண்ணீர்ப் போத்தல்களை எடுத்துக் கொடுத்தாள். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள். ஆறு புள்ளியால் தோற்றோம். என் மகள் விளையாட்டு முடிந்தும் என் பக்கம் வரவில்லை.

கார் நிற்கும் இடத்தில் அந்தத் தாயிடம் போனேன்.

"தங்கச்சி, உங்கட பிள்ளை அண்டைக்கு விளையாடினவ. எனக்கு ஞாபகம் இருந்தது."

"எப்ப ஞாபகம் வந்துச்சு?"

"வரேல்ல. எப்பவும் இருந்தது. எழுத வாசிக்கச் சொல்லுவினம் எண்டு பயந்திட்டன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாடி, போலாம்" என்று மகளைக் கூப்பிட்டார்.

அந்தப் பிள்ளை ஓடிவந்தாள். "பாய் அங்கிள், தாங்க்ஸ் ஃபோர் கமிங்" என்று சிரித்தபடி கைகாட்டிவிட்டுக் காரில் ஏறினாள். நான் பொய் சொன்னது அவளுக்கு இன்னும் தெரியாது. கார் தெருவில் ஏறித் திரும்பும்வரை நான் அங்கேயே நின்றேன்.