பதினைந்து எண்களும் மொக்கையன் வாயும்

போனைக் கையில் வாங்கியதும் மூடியைக் கழற்றி முதலில் மோந்து பார்ப்பார் மொக்கையன். ஏலக்காய் மணந்தால் மேலே எஸ்டேட்டிலிருந்து இறங்கிய போன். சாணி வாசம் வந்தால் ராசிங்காபுரம். பட்டன் போனுக்கு மட்டும்தான் அவரிடம் வைத்தியம். போடி பஸ் நிலையத்துக்கு எதிரே, ஜீப்புக்காரர்கள் கூவி ஆளேற்றும் இடத்தில், ஒரு மேசை அகலக் கடை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், யாரிடமும் கைகட்டி நிற்காமல் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றார். கேட்டவனுக்கும் சொல்வார், கேட்காதவனுக்கும் சொல்வார்: “எனக்குத் தெரியாத போனு இனிமேத்தேன் பொறக்கணும்.”

போனுக்குள் இருக்கும் பதினைந்து இலக்க அடையாள எண்ணை மாற்றினால் மலையில் டவர் நன்றாகக் கிடைக்குமென்று ஊரில் ஒரு நம்பிக்கை. அப்படிக் கேட்டு வருகிறவர்களிடம், “உம்பேரை மாத்துனா உங்க வீட்டுக்கு ரோடு வந்துருமா மாப்ளே?” என்பார்.

சூர்யகலாவிடம் அந்தக் கேலி எடுபடவில்லை. அடி தாங்காமல் தேவாரம் ஊரிலிருந்த புருஷனை விட்டு, மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனவள். பேட்டரிக்கு அடியில் ஒட்டியிருந்த எண் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தாள்.

“நம்பரு போயிருச்சுல்லண்ணே? அதை வச்சு எங்க இருந்தாலும் பிடிச்சிருவேங்குறாரு.”

மொக்கையன் நாலைந்து பட்டன்களைத் தட்டினார். பதினைந்து எண்களும் திரையில் வந்து நின்றன. அவள் முகம் செத்துப்போனது.

“இது உள்ள குத்துன பச்சை ஆத்தா, சுரண்டுனா போகாது. நான் மாத்துனா ஜெயிலு. ஆனா இதை வச்சு உம்புருசனால ஒண்ணும் கிழிக்க முடியாது. போலீசு கேட்டாத்தேன் கம்பெனிக்காரன் இடத்தைச் சொல்லுவான். பழைய சிம்மைத் தூக்கிப் போடு. புது நம்பரை யாருட்டச் சொல்றயோ, அவுக வாய்தேன் டவரு.”

புது சிம்மைப் போட்டு முடிப்பதற்குள் எந்த எஸ்டேட் என்பதும் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. சட்டென்று நிறுத்தி அவரையே பார்த்தாள். “நீங்க ஊருக்கே ஒலிபரப்புற ஆளாச்சேண்ணே.”

மறுவாரம் விஜயபாண்டி வந்தான், அவள் புருஷன். கையில் அந்தப் போன் வாங்கிய காலி அட்டைப்பெட்டி.

“நம்பரு இதுல இருக்குண்ணே. அவ எங்க இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா?”

ஜீப்புக்குக் காத்திருந்தவர்கள் வழக்கமான பெருமைப் பேச்சுக்குக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். மொக்கையன் பெட்டியைத் தொடவேயில்லை.

“நான் மூணாப்பு அப்பு. எனக்கு என்ன தெரியும்?”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து, சற்றுமுன் சரிசெய்து வைத்திருந்த போனின் திருகாணிகளை ஒவ்வொன்றாக மறுபடியும் கழற்றத் தொடங்கினார்.