முகப்பு விளக்கின் ஓரத்துக் கோடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவர் சாப்பாட்டு மேசைமேல் வெள்ளைத் துண்டை விரித்து, அதில் ஒரு பொம்மை வண்டியின் மேல்மூடியை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க கொஞ்சம் வந்து பாரேன். இது குறையா இல்லையா, நீயே சொல்லு."

பொம்மை என்று எழுதினால் அவருக்குக் கோபம் வரும். அது ரிமோட்டில் ஓடும் பிக்கப் வண்டி. எண்பதுகளில் கடைக்கு வந்து, பிறகு நின்றுபோய், இப்போது அதே பெட்டிப் படத்தோடு மறுபடியும் வந்திருக்கிறது. துண்டு துண்டாகத்தான் வரும். நாமே திருகாணி போட்டுப் பூட்டிக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் அவர் ரவாங் டவுனில் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. நாற்பத்தேழு வயதில்தான் என் கணவருக்கு அது கைக்கு வந்தது. பெட்டி வந்த அன்று அதை முன் இருக்கையில் வைத்து, சீட் பெல்ட் போட்டு, புக்கிட் பெருந்துங்கில் இருக்கும் எங்கள் வீடுவரை கொண்டுவந்தார். நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன்.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. ரவாங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். அச்சிலிருந்து வரும் மூடிகளை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. வாரத்தில் ஆறு நாள் பார்ப்பது போதாதென்று ஏழாவது நாளும் பார்க்க உட்கார்ந்தேன்.

வலது முகப்பு விளக்கின் ஓரத்தில், முடி மாதிரி மெல்லிய ஒரு கோடு. விரல் நகத்தின் நீளம்கூட இல்லை.

"யார் கண்டுபிடிச்சது?" என்றேன்.

"அண்ணன்தான். நேத்து படம் அனுப்புனேன்."

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கும் பழைய பந்துத் திடலில், ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் இந்த வண்டிகளை ஓட்டுவார்கள். ஓட்டுவதைவிடக் குறை பார்ப்பதுதான் அதிகம். அதற்குத் தலைவர் இந்த அண்ணன். புதுப் பெட்டி திறந்தால் முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு ஸ்டிக்கர் தாளைச் சூரியனுக்கு எதிரே பிடிப்பார். "அசல்ல இந்த மஞ்சள் மாங்காப்பழ மஞ்சள். இது சாயம்" என்பார். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் பொம்மையின் மீசைக்குக்கூட அவரிடம் தீர்ப்பு உண்டு.

ஒரு முறை நான் கேட்டேன்: "அண்ணே, பழைய வண்டியில கியர் சீக்கிரம் ஒடஞ்சிரும்னு நீங்கதானே சொன்னீங்க? புதுசுல நல்ல கியரா போட்டுருக்கான். அதையும் ஏன் குறைன்னு எழுதுறீங்க?"

"அது எப்படி லா? அதுல ஒடஞ்சா இதுலயும் ஒடையணும். ஒடையலன்னா அது வேற வண்டி!"

எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஒரு விதி இருந்தால் எனக்கு எவ்வளவோ வேலை மிச்சம்.

கோட்டைப் பார்த்தவுடனேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓடும்போது, விளக்குக்காக விட்ட துளையைச் சுற்றி இரண்டு பக்கமாகப் பிரிந்து போகும். மறுபுறம் இரண்டும் வந்து சேரும் இடத்தில் இப்படி ஒரு கோடு விழும். பழைய அச்சையே எடுத்துப் பயன்படுத்தியிருந்தால், பழைய வண்டியிலும் அதே இடத்தில் கோடு இருந்திருக்க வேண்டும். இதைத்தான் அன்று திடலுக்குப் போனபோது சொன்னேன்.

அண்ணன் தலையை ஆட்டினார். "இல்ல தங்கச்சி. என்கிட்ட அசலே இருந்துச்சு. தெனமும் தொடச்சு வெச்சவன் நான். அதுல இந்தக் கோடு இல்ல. இது அச்சு தேஞ்சு போனதால வந்தது. திருப்பி அனுப்பச் சொல்லுங்க."

அவர் சொன்னது குழுவில் எல்லாருக்கும் வேதவாக்கு. அன்று மாலையே என் கணவர் பூட்டிய திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எல்லாவற்றையும் பழையபடி பைகளில் போட்டு மூடிவிட்டார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "பரவால்ல லா, வேற பார்த்துக்கலாம்" என்று சிரித்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நானே அவருடைய கைப்பேசியை வாங்கி, பழைய வண்டி யாரிடமாவது இருக்கிறதா என்று அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். பெயிண்ட் அடிக்காததாக இருக்க வேண்டும் என்றும் எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. சுங்கை ஆயர் தாவாரில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் இருக்கிறதாம்.

அடுத்த ஞாயிறு நாங்கள் இருவரும் அண்ணனும் கிளம்பினோம். புது வண்டியின் மூடி என் மடியில் இருந்தது. கோல சிலாங்கூர் தாண்டும்வரை அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். செகிஞ்சானில் வயல் பச்சையைப் பார்த்ததும், "நான் சொன்னது தப்பா இருந்தா எல்லாருக்கும் மீன் சாப்பாடு" என்றார்.

"சரியா இருந்தா?" என்றார் என் கணவர்.

"அப்பவும் மீன் சாப்பாடு. பசிக்குது லா."

பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். கை முழுக்க கிரீஸ். நாங்கள் வந்த காரணத்தைக் கேட்டதும் சந்தேகமாகப் பார்த்தார்.

"விக்க மாட்டேன்."

"வாங்க வரல, அங்கிள். ஒரு கோடு பார்க்கணும்" என்றேன்.

"கோடா?"

டயர் அடுக்குக்கு மேலிருந்து அதை இறக்கினார். அண்ணன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. வெள்ளையாக இருந்த மூடி தே தாரிக் டீயின் நிறத்துக்கு வந்திருந்தது. பெயிண்டே இல்லை, ஸ்டிக்கர்கூட ஒட்டவில்லை. முன் சக்கரத்தைத் தாங்கும் கை உடைந்து, சைக்கிள் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. நான் துணியால் தூசியைத் துடைத்து, கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.

வலது விளக்கின் ஓரத்தில் கோடு இருந்தது. புது மூடியைப் பக்கத்தில் வைத்தேன். அதே இடம், அதே நீளம், முனையில் அதே சின்ன வளைவு.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுப் பார்த்தார்.

"அண்ணே, உங்க வண்டிக்கு என்ன கலர் அடிச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"செகப்பு."

"எப்ப அடிச்சீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவருடைய தொப்பை முதலில் குலுங்கியது. சிரிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. "வாங்குன அன்னிக்கே லா! பெட்டிய தொறந்து ஒரு மணி நேரம்கூட ஆவல! கோட்ட பெயிண்ட் மறைச்சிருச்சு!"

என் கணவர் இரண்டு மூடிகளையும் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். புதிதாகப் பிறந்த பிள்ளைக்கு யார் சாயல் என்று பார்ப்பவரைப் போல மாறி மாறிப் பார்த்தார். "கோடு இல்லாம வந்திருந்தாதான் குறை" என்றார். அண்ணனும் உடனே, "ஆமாமா, அதான் குறை" என்று ஒத்துக்கொண்டார். அவருக்கு வெட்கமே இல்லை.

பட்டறைக்காரர் எங்களை வேடிக்கை பார்த்தார். "இதப் பார்க்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க? வண்டி ஓடுமான்னு ஒருத்தரும் கேக்கலியே!"

"ஓடுமா?" என்று மூன்று பேரும் ஒன்றாகக் கேட்டோம்.

பட்டறைக்குப் பின்னால் தென்னைகளுக்கு நடுவே மண்பாதை இருந்தது. அங்கே அதைக் கீழே வைத்து ஓட்டிக் காட்டினார். கியர் கரகரவென்று கத்தியது. காய்ந்த மட்டைகளைத் தாண்டிக் குதித்து, வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்து, ஒரு கோழியைத் துரத்திக்கொண்டு திரும்பி வந்தது. எங்கள் திடலில் எந்த வண்டியையும் யாரும் இப்படி ஓட்டிப் பார்த்ததில்லை. கீறல் விழுந்துவிடும் என்ற பயம்.

செகிஞ்சானில் மீன் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினோம். என் கணவர் கைகூடக் கழுவாமல் பெட்டியைத் திறந்தார். அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்ததும் மேசையில் உட்கார்ந்து வண்டியைப் பூட்டி முடித்தார். பெயிண்ட் மட்டும் அடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பட்டறைக்காரர் தன் வண்டியை மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு, அவ்வளவு தூரம் ஓட்டி எங்கள் திடலுக்கு வந்துவிட்டார். என் வேலை என்னவென்று என் கணவரிடம் விசாரித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏம்மா, இத்தன வருசமா குறை மட்டும்தான் பாக்குறியா? ஒரு தடவ ஓட்டிப் பாத்தியா?"

"இல்ல அங்கிள்."

தன் வண்டியின் ரிமோட்டை என் கையில் வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்வதற்குள் என் விரல் பட்டு வண்டி பாய்ந்துவிட்டது. "திருப்பு, திருப்பு!" என்று என் கணவர் கத்தினார். எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை. நானும் அதோடு சேர்ந்து ஓடினேன். ஒரு சுற்று முழுதாக வந்தது. இரண்டாவது சுற்றில் வேகத்தைக் குறைக்க மனம் வராமல், செம்பனை வரிசையை ஒட்டியிருந்த கால்வாய்க்குள் நேராக இறக்கிவிட்டேன்.

எல்லாரும் ஓடி வந்தார்கள். பட்டறைக்காரர் முட்டிவரை சேற்றில் இறங்கி வண்டியைத் தூக்கி, குலுக்கித் தண்ணீரை வடித்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், வந்ததென்னவோ, "இன்னொரு வாட்டி ஓட்டட்டா அங்கிள்?"

"காயட்டும் மா. காஞ்சதும் நீதான் மொதல்ல" என்றார்.