கிளட்ச் பிளேட்டில் தடவிய வண்டி மை

விளக்கெண்ணெய் கருகும் வாசனை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் வீட்டு வாசலில், காருக்கு அடியிலிருந்து வந்தது அது...

நன்னிலம் பக்கத்தில் ஒரு கிராமம். நில உச்சவரம்புச் சட்டம் வந்து, கூலிச் சண்டையும் முற்றி, வரப்பெல்லாம் சிவப்புக் கொடி நட்டிருந்த காலம். குறுவை அறுவடைக்கு ஆள் இறங்கவில்லை. அப்பா மிராசுதார். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவர் சிங்காரம். முந்தின வருஷம் வரை எங்கள் வீட்டு மாட்டுவண்டியை ஓட்டியவர் அவர்தான். இப்போது ஒருவரைப் பார்த்தால் இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்த லட்சணத்தில் எனக்கும் சிங்காரத்தின் மகள் வசந்தாவுக்கும் ஒரே நாளில் தஞ்சாவூரில் இன்டர்வியூ. நர்ஸ் டிரெய்னிங்குக்கு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். இது கிடைக்காவிட்டால் எனக்குத் தையில் கல்யாணம் என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். அவளுக்கு நடவு வயல்.

அன்றைக்கென்று பார்த்துச் சங்கம் மறியல் அறிவித்திருந்தது. பஸ் கிடையாது.

வீட்டில் கார் இருந்தது. ஆனால் குடலை உருவிப் போட்ட மாதிரி கிடந்தது. கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று அப்பாவே கியர்பாக்ஸை இறக்கி, புது பிளேட்டும் வாங்கி வைத்திருந்தார். எதையும் தானே பிரித்துப் பார்க்கிற வியாதி அவருக்கு. பிரிக்கும்போது தூக்கிப் பிடிக்க ஆள் இருந்தது. மாட்டுவதற்குள் ஸ்டிரைக் வந்துவிட்டது. வைக்கோல் மேல் கிடந்த கியர்பாக்ஸில் சேவல் ஏறி நின்று கூவும்...

இன்டர்வியூவுக்கு முதல் நாள் காலையில் சிங்காரம் வந்தார். எப்போதும் கொல்லைப்பக்கமாக வருகிறவர், அன்று தெருவழியாக நேரே வாசலுக்கு வந்து நின்றார். பின்னால் வசந்தா.

“சண்டைய வயல்ல வச்சுக்குவோம்ங்கய்யா. நாளைக்கு ரெண்டு புள்ளையும் போயாவணும்.”

அப்பா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. “வழியில ஒன் ஆளுங்க மறிச்சா?”

“நான் கூட வர்றேன். மறிக்கட்டும், பாப்போம்.”

அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு கியர்பாக்ஸைக் காட்டி, “அந்தப் பக்கம் புடி” என்றார்.

முன்சக்கரங்களைச் செங்கல் அடுக்கி உயர்த்தியிருந்தது. இரண்டு பேரும் சாக்கை விரித்து அடியில் போனார்கள். பிளேட் நடுவாக நிற்க வேண்டுமே, அதற்குப் பூவரசங்கொம்பைச் சீவி ஒரு முளை. நானும் வசந்தாவும் வெளியிலிருந்து போல்ட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அடியிலிருந்து ஒரு குரல், “காஞ்சு கெடக்கே, ஒரசாதா?”

இன்னொரு குரல், “கொஞ்சம் மை தடவிடுவோம்.”

எது யார் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. மாட்டுவண்டியில் தொங்கிய மூங்கில் குழாயை எடுத்து வசந்தா கொடுத்தாள். வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து, வண்டி அச்சுக்குப் போடும் மை அதில் இருந்தது. சுற்றுகிற எதற்கும் மை போட்டே பழகிய கைகள்... பிளேட்டில் வழித்துத் தடவிவிட்டார்கள்.

எல்லாம் மாட்டி முடித்து அப்பா ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் ஊரைக் கூட்டியது. கார் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. வந்தது பாருங்கள் வாசனை! பிளேட் இறுகப் பிடித்தால்தானே வண்டி நகரும்? அதில் போய் எண்ணெயைத் தடவினால்?

“வழுக்குதுங்கய்யா” என்றார் சிங்காரம்.

“எனக்குத் தெரியாதாக்கும்!”

வசந்தா சிரித்துவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார்கள். நானும் அவளும் பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி உப்புத்தாளால் தேய்தேய் என்று தேய்த்தோம். மாட்டி முடித்தபோது விளக்கு வைக்கும் நேரம். கார் நகர்ந்தது, நொண்டிக்கொண்டு.

மறுநாள் சிங்காரம் சிவப்புத் துண்டோடு வந்து முன்சீட்டில், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் காரில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. அப்பா ரோட்டையே பார்த்து ஓட்டினார், அவர் வயலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வெட்டாற்றுப் பாலம் ஏறுகிற இடத்தில் மறியல். காரைச் சுற்றிக்கொண்டார்கள்.

“என்னண்ணே, மிராசு வண்டியில முன்சீட்டா?” என்று ஒருவன் கேட்டான்.

சிங்காரம் இறங்கினார். “புள்ளைங்க படிக்கப் போவுதுடா. என்னைய கேக்க வேண்டியத சாயந்தரம் கேளு.”

முணுமுணுத்துக்கொண்டே வழி விட்டார்கள். ஆனால் நின்ற கார் பாலத்து ஏற்றத்தில் ஏறுமா? எங்கோ ஒட்டியிருந்த மை வேலையைக் காட்டியது. எஞ்சின் உறும, அதே வாசனை வர, கார் பின்னால் உருள ஆரம்பித்தது. போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். வசந்தா என் கையை நசுக்கினாள்.

பின்னால் யாரோ கத்தினார்கள். “அட, புடிங்கடா! தள்ளுங்கடா!”

திரும்பிப் பார்த்தால், கொடிகளையெல்லாம் கைப்பிடிச் சுவரில் சாத்திவிட்டு மறியல்காரர்கள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சிங்காரமும்தான். பாலத்து உச்சி வந்ததும் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பின்சீட்டிலிருந்து பார்த்தேன்.

இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. மறுநாளே வயலில் சண்டை தொடர்ந்தது, அது வேறு விஷயம். கூலி பேசி முடிக்க இன்னும் நாளாயிற்று. ஆனால் அதற்குப் பிறகு எங்கே பார்த்துக்கொண்டாலும் அவர்கள் முகத்தைத் திருப்பியதில்லை.

“மை போடச் சொன்னது நீதான்.”

“நானா? நல்லா இருக்கே! நீங்கதான்யா.”

சாகும்வரை இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை...

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு என் மகன் காரில் போனோம், வசந்தாவும் நானும். ரிட்டயரான இரண்டு கிழவிகள். அவன் காரில் கிளட்ச்சே கிடையாது. பாலத்தையும் அகலமாகக் கட்டிவிட்டார்கள். ஏறியதே தெரியவில்லை. மறிக்கவும் ஆளில்லை, தள்ளவும் ஆளில்லை.

வசந்தா ஜன்னல் வழியே ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“ஒங்கப்பாதான்டி போடச் சொன்னாரு” என்றேன்.

திரும்பாமலே மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

“போடி... ஒங்கப்பாதான்.”