சகுந்தலா டீச்சர் சொன்னது பொய் அல்ல

சகுந்தலா டீச்சர் சாதி பார்த்தவர் அல்லர். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். மலையில் யார் வீட்டிலும் அவர் கை நனைக்கவில்லை என்பது ஏறக்குறைய உண்மை. அதற்கு நீங்கள் சொல்லும் காரணம் உண்மையல்ல.

சென்ற மாதம் ஒரு காலை அவருடைய மகள் போன் செய்து, "அம்மா எழுந்திருக்கலைங்க ஆன்ட்டி" என்றாள். தூக்கத்திலேயே மாரடைப்பு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஆசாரம் பாத்துப் பாத்தே ஒடம்ப கெடுத்துக்கினாங்க."

"பின்ன? மலைக்காரங்க வூட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சிருப்பாங்களா?"

மகள் பக்கத்தில்தான் நின்றாள். அவள் காதிலும் விழுந்தது. அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் நம் மலைப் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்திலிருந்து ஒருவர் போனில் பேசினார். புதுப்பித்த நூலக அறையில் அந்தக் காலத்து ஆசிரியர்களின் படங்களை மாட்டப்போவதாகவும், சகுந்தலா டீச்சர் படம் மட்டும் வேண்டாம் என்று கூட்டத்தில் முடிவாகிவிட்டதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார். சாதி பார்த்தவர் படம் நம் பிள்ளைகள் படிக்கிற அறையில் எதற்கு என்று ஒருவர் கேட்டாராம். கேள்வி நியாயமானது. நான் அங்கே இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் ஆளைத் தவறாகப் பிடித்துவிட்டீர்கள். உங்கள் சங்க மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருந்தீர்கள். அவரைப் பற்றியே எழுதுகிறேன். அவருடைய உடல்நிலையை எழுதுவதற்கு மகளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

நான் கணக்கு ஆசிரியை, அவர் தமிழ். காலை பஸ்ஸில் நான் முதலில் ஏறி இடம் பிடித்து வைப்பேன், வடக்கனந்தலில் அவர் ஏறுவார். ஏறியதும் ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொண்டு வருவார். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் வாயை மூடிக்கொள்வார். வளைவுகளைக் கண்டு பயமா என்று கேட்டேன்.

"வளைவு இன்னா பண்ணும் டீச்சர்? நடுவுல வயிறு கலக்குனா எங்க எறங்கறது, அதாங்க பயம்."

ஒரு முறை அப்படி இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். எங்கே ஒதுங்குவது என்று அவர் திகைத்து நிற்க, கண்டக்டர் சத்தமாகக் கேட்டார்: "இன்னா டீச்சர், மூலிகை பறிக்கப் போறீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. அதில் பாதிப் பேர் எங்கள் மாணவர்கள். நான் கண்டக்டரை நன்றாகத் திட்டினேன். சகுந்தலா டீச்சர் யாரையும் திட்டவில்லை. மறுநாளிலிருந்து காலைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்.

பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வரும் நாளை விட வராத நாள் அதிகம். அதனால் மதியச் சாப்பாடும் நின்றது. வீட்டுக்குப் போனபிறகு ஒரே வேளை. சாப்பிட்டால் வலி, சாப்பிடாவிட்டாலும் வலி. ஒரு முறை சொன்னார்: "எனக்குப் பசிக்காம இல்ல டீச்சர். பசிக்குப் பதில் சொல்லத்தான் பயமா இருக்கு."

இனி நீங்கள் எல்லோரும் பேசும் அந்த விருந்துக்கு வருகிறேன்.

அப்போதெல்லாம் பத்தாம் வகுப்பு தேறிய பிள்ளையின் வீட்டில் கோழி அடித்து ஆசிரியர்களைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். சின்னப்பொண்ணு என்பவரின் மகள் தேறினாள். அவர்களுடைய சிற்றூரில் பத்து முடித்த முதல் பெண் அவள். பாடத்தில் பின்தங்கியிருந்த அவளை மாலையில் உட்கார வைத்துத் தேற்றியவர் சகுந்தலா டீச்சர். எனவே முதல் இலை அவருக்கு. சாமைச் சோறும் கோழிக் குழம்பும் பரிமாறியாயிற்று. அன்று கீழே இறங்க ஒரே ஒரு பஸ்தான் இருந்தது.

"டீச்சர், ஒரு வாய் துன்னுங்க. கொழந்தைக்கோசரம்" என்றார் சின்னப்பொண்ணு.

"வயிறு சரியில்லம்மா. தண்ணி மட்டும் குடுங்க."

தண்ணீரை வாங்கிக் குடித்தார். நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது பொய். சின்னப்பொண்ணு இலையை மடித்து எடுத்துப் போனார். வெளியே அவருடைய கணவர் எங்கள் காது கேட்கவே சொன்னார்: "எந்த டீச்சருக்குத்தான் நம்ம வூட்ல வயிறு சரியா இருந்துது?"

அவர்மேல் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் மலைக்காரர் வீட்டில் சாப்பிட மனம் இல்லாதவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பொய் அது: வயிறு சரியில்லை. அந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டுப் புண்பட்ட மனிதரிடம் போய் இவர் அதே சொற்களில் உண்மையைச் சொன்னார். எப்படி நம்புவார்கள்? முழுதாக விளக்கியிருக்கலாமே என்று பஸ்ஸில் கேட்டேன். "பாடம் நடத்துற வாயால பேதியப் பத்திச் சொல்லச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு உணவு ஒவ்வொன்றாகக் கழிந்தது. பால் நின்றது, பருப்பு நின்றது, வெங்காயம், கோதுமை, பழங்கள் எல்லாம் நின்றன. கடைசியில் கஞ்சியும் இட்லியும்தான். ரவிக்கைகள் தொளதொளத்தன. "ஒல்லியா அழகாயிட்டீங்க, இன்னா ரகசியம்?" என்று ஆசிரியர் அறையில் கேட்டவர்கள் உண்டு. கல்யாண வீடுகளுக்குப் போவதையும் விட்டார். ஒரு நாள், இப்படி வாழ்வதற்கு வாழாமலே இருக்கலாம் என்றார். அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

ஒரு டாக்டர் எல்லாச் சோதனையும் எடுத்துவிட்டு, "ஒன்னும் இல்லம்மா, எல்லாம் மனப்பிரமை" என்று அனுப்பிவிட்டார். பிறகு நானே புதுச்சேரியில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். சாப்பிடாத பண்டங்களைச் சகுந்தலா டீச்சர் சொல்லத் தொடங்கியதும் அந்த அம்மாள் கை காட்டி நிறுத்தினார்.

"சாப்பிடறத சொல்லுங்க மேடம். அது சீக்கிரம் முடிஞ்சிடும்."

சகுந்தலா டீச்சர் சிரித்துவிட்டார். சிரிப்பு அப்படியே அழுகையாயிற்று. "ரிப்போர்ட்ல ஒன்னும் இல்லன்னா உங்களுக்கு ஒன்னும் இல்லன்னு அர்த்தம் இல்லங்க" என்று அந்த மருத்துவர் சொன்னதை நான் மறக்கவில்லை. நோயின் பெயர் ஐ.பி.எஸ், குடல் எரிச்சல் நோய். குடலைப் பார்த்தால் புண்ணோ கட்டியோ தெரியாது. ஆனால் வலியும் பேதியும் உப்புசமும் நிஜம். பயம் வயிற்றைக் கலக்கும், கலங்கிய வயிறு பயத்தை வளர்க்கும். இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் வேண்டும் என்று மனநல மருத்துவர் ஒருவரிடமும் அனுப்பினார்.

"பைத்தியம்னு முடிவு பண்ணிட்டாங்களா டீச்சர்?"

"பல்லு வலிச்சா பல் டாக்டர். பயத்துக்கு யாருகிட்ட போவீங்க, மளிகைக் கடைக்கா?" என்றேன்.

போனார். மாத்திரையும் பேச்சும், உணவு ஆலோசகர் சொன்னபடி விட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பதும் மெதுவாகப் பலன் தந்தன. ஒரு கரண்டி பருப்பு சாப்பிட்டுவிட்டு எனக்குப் போன் செய்வார். "ஊர்ல பசங்க கஷ்டப்பட்டுப் படிச்சு ஐ.பி.எஸ் ஆவறாங்க. எனக்கு சும்மாவே குடுத்துட்டாங்க பாருங்க" என்று கேலி பேசும் அளவுக்குத் தேறினார். நோய் முழுதாகப் போகவில்லை. அவர்தான் அதன் முன்னால் நிமிர்ந்து உட்காரக் கற்றுக்கொண்டார். குடல் நோயால் செத்தார் என்று சொல்பவர்களுக்காக இதையும் எழுதுகிறேன்: அந்த நோய் அவர் உயிரை எடுக்கவில்லை. வாழ்ந்த நாள்களில் பலவற்றை எடுத்துக்கொண்டது.

ஓய்வு பெற்றபிறகு ஒரு நாள், "சின்னப்பொண்ணு வூட்டுக்குப் போலாம் வாங்க" என்று கூப்பிட்டார். போனோம். நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், நலம் விசாரித்தார்கள். உள்ளே சோறு வெந்துகொண்டிருந்தது. சாப்பிடுங்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லி ஒரு முறை பட்டவர்கள் அவர்கள்.

சகுந்தலா டீச்சர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "பசிக்குதும்மா. சோறு இருந்தா போடுங்க."

சின்னப்பொண்ணு என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "டீச்சருக்குத்தான் நம்ம வூட்டு சோறு ஆவாதே?"

அங்கேயே, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சகுந்தலா டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். பஸ்ஸை, பேதியை, கண்டக்டர் கேலியை, அந்த இலையை. ஒரு சொல்லும் பூசி மெழுகவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு கேட்ட சின்னப்பொண்ணு கடைசியில் சத்தமாகவே சிரித்தார்.

"அட, இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எங்க வூட்டுப் பின்னால காடே கெடக்குது! இதுக்காய்யா இத்தன வருசம் மனசுல கல்ல வச்சிக்கினு இருந்தோம்?"

சாமைச் சோறும் கொஞ்சம் துவரைக் குழம்பும் போட்டார். "காரம் கம்மியாத்தான் போட்டுருக்கேன், துன்னுங்க." சகுந்தலா டீச்சர் மெதுவாகத்தான் சாப்பிட்டார். ஆனாலும் இலையில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் இரண்டாவது வளைவுக்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அத்தனை வருடத்தில் அந்தப் பாதையில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

என்னை நம்ப வேண்டாம். சின்னப்பொண்ணு இன்றும் அதே வீட்டில் இருக்கிறார், கேளுங்கள். கூட்டத்தில் முடிவெடுக்கும் முன் யாரும் அவரைக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

டீச்சர், இனி எந்தப் பயணத்துக்கும் நீங்கள் வெறும் வயிற்றோடு கிளம்ப வேண்டாம். போய் வாருங்கள்.

சங்கச் செயலாளருக்கு: சகுந்தலா டீச்சரின் படத்தை மாட்டுவீர்களா, மாட்டாவிட்டால் ஏன் என்பதை எழுதிக் கையெழுத்திட்டு எனக்கு அனுப்புங்கள். அதன் நகல் ஒன்றை அவர் மகளுக்கும் அனுப்புங்கள். போனில் சொல்ல வேண்டாம்.