புகைக்கு ஒரு படம்

நான் காய் விட்ட முதல் பெரிய மனுஷி எங்கள் டீச்சர்தான். சக பிள்ளைகளோடு காலையில் காய் விடுவதும் மத்தியானம் சோறு வாங்கும் வரிசையில் பழம் விடுவதும் எல்லாரும் செய்வது. ஒரு டீச்சரோடு காய் விட்டு, அதை ஏழு வாரம் பிசகாமல் கடைப்பிடித்த பெருமை எங்கள் பள்ளியில் எனக்கு மட்டும்தான் உண்டு. கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது என்று அம்மா இப்போதும் சொல்கிறாள். அதில் பாதிதான் உண்மை. மண் தெரியாது, கண் நன்றாகவே தெரியும். அந்தக் கண்ணால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. பாதைக்கு அந்தப் பக்கம் நெல் வயல், இந்தப் பக்கம் கம்பெனிகள். பள்ளிக்கூடம் இந்தப் பக்கம். அந்த வருஷங்களில் ஒன்றாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்பு வரை எல்லாரையும் கலந்து ஒரே அறையில் பாய் விரித்து உட்கார வைப்பார்கள். சுவரில் ஏணி வரைந்திருக்கும். அதில் நாம் எந்தப் படியில் இருக்கிறோமோ அந்தப் படிக்கான அட்டையைத் தட்டிலிருந்து நாமே தேடி எடுத்து வந்து, அதில் சொன்னதைக் கையால் செய்து பார்க்க வேண்டும். புளியங்கொட்டையைக் கூறு கட்டிக் கணக்குப் போடுவோம், துடைப்பக் குச்சியில் சைக்கிள் வால்வு டியூப்பைச் செருகி முக்கோணம் கட்டுவோம். டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாய்களுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பார். குச்சி எத்தனை முறை நழுவினாலும் குனிந்து பார்ப்பாரே தவிர, அவர் கட்டித் தரமாட்டார். பிள்ளை கையிலிருந்து பென்சிலை வாங்கி அவர் ஒரு கோடு போட்டு நாங்கள் பார்த்ததே இல்லை.

எனக்குக் கிடைத்திருந்தது வானிலைத் தலைவி பதவி. காலையில் வந்ததும் வாசலில் போய் நின்று வானத்தைப் பார்க்க வேண்டும். பிறகு சுவரில் இருக்கும் சார்ட்டில் அன்றைய தேதிக் கட்டத்தில் படம் போட வேண்டும். சூரியன், மேகம், மழை, காற்று என்று நாலு படங்கள்தான் உண்டு. மாதம் ஒருவருக்குத் தர வேண்டிய பதவி அது. மற்றவர்கள் போட்ட சூரியன் ஆம்லெட் மாதிரி இருந்ததால் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து சேர்ந்தது. சார்ட்டின் அடியில் தலைவியின் பெயர் எழுதியிருக்கும். என் பெயரில் அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம், ஆகையால் என் பெயரோடு அப்பா பெயரையும் முழுசாக எழுதுவது வழக்கம். ஊரில் அப்பா பெயர் எழுதித் தொங்கவிட்ட இடம் அது ஒன்றுதான். போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவேன்.

டீச்சர் எனக்குச் சொன்ன விதி ஒன்றே ஒன்று. “பார்த்ததப் போடு. பார்க்காததப் போடாத.”

ஆடி மாதம் ஒரு காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வானம் செங்கல் நிறத்தில் இருந்தது. அது மேகம் இல்லை, கம்பெனிக் குழாயிலிருந்து வந்த புகை. உள்ளே ஓடிப்போய், “டீச்சர், இதுக்குப் படம் இல்லியே” என்றேன். அவர் என்னோடு வாசல் வரை வந்து அண்ணாந்து பார்த்தார்.

“வானத்துலதானே இருக்கு?”

“ஆமா டீச்சர்.”

“அப்ப நீயே ஒரு படம் கண்டுபிடி.”

நீளமாக ஒரு குழாய் வரைந்து அதன் வாயிலிருந்து சுருள் சுருளாகச் செங்கல் கலர் தீட்டினேன். அதிலிருந்து வாரத்தில் நாலு நாள் அந்தப் படம்தான். கிரேயான் டப்பாவில் மற்றதெல்லாம் அப்படியே இருக்க, செங்கல் கலர் மட்டும் கட்டைவிரல் நீளத்துக்குத் தேய்ந்து போகும். டீச்சர் பொன்னேரியிலிருந்து ரயிலில் வருகிறவர், அங்கிருந்து அந்தக் கலரை மட்டும் தனியாக வாங்கி வந்து தந்தார். எதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று நான் யோசிக்கவில்லை. என் படம் அவருக்குப் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

புகை எங்களுக்குப் புதிதல்ல. அம்மா குழாயைப் பார்த்துவிட்டுத்தான் கொடியில் துணி போடுவாள். எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது, ஏனென்றால் அது எங்கள் நைனாவின் கம்பெனி. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா அங்கே காண்ட்ராக்ட் ஆள், உலைக்குப் பழைய இரும்பு ஏற்றிவிடுகிற வேலை. சார்ட்டில் நான் போட்ட ஒவ்வொரு குழாயும் நைனாவுக்காகப் போட்டதுதான்.

கார்த்திகையில் ஒரு மழை நாள், அம்மாவின் தம்பி என்னைக் குடைபிடித்துப் பள்ளியில் விட வந்தார். மாமாவுக்கு ஸ்டேஷன் பக்கத்தில் செல்போன் கடை. அவருடைய கைக்குழந்தைக்கு அந்த வருஷம் முழுக்க மூச்சிளைப்பு. புகையை நிறுத்தச் சொல்லி நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு மனு கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் சார்ட்டைக் காட்டினேன். மாமா செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டார்.

“டீச்சர், இன்னா இது? நாங்க மனு மேல மனுவா குடுத்துகினு கீறோம். எந்தெந்த தேதின்னு கேட்டு எங்கள தொரத்துறாங்கோ. நீங்க இன்னாடான்னா நாளும் தேதியுமா செவுத்துலயே ஒட்டி வெச்சிகிறீங்க.”

மாமா தேதிக் கட்டங்களை மட்டும் கிட்டத்தில் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், ஷிஃப்ட் முடிந்து வந்த நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமா சிரித்த முகத்தோடு வந்து நின்றார்.

“மாமா, நாளிக்கு ஆபீசருங்க வர்றாங்கோ. நேரா ஸ்கூலுக்குத்தான். நம்ம பொண்ணு வரைஞ்ச சார்ட்டப் பாக்க. கம்பெனிக்காரனும் கூட வர்றான்.”

நைனா என்னைப் பார்த்தார். “அதுல பேரு போட்டு கீதா?”

“போட்டு கீது நைனா. என் பேரும் உன் பேரும்.”

நைனாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அம்மாதான் முதலில் பேசினாள். “ஏன்டா, உங்க மாமா வேலைக்கு உலை வெச்சிட்டு, சிரிச்சிகினு வந்து நிக்கிறியே.”

“எனக்கு அது தோணலக்கா” என்றார் மாமா. அவர் முகம் சுண்டிப்போயிற்று. “குழந்த மூச்சு வுடறதப் பாத்தா எனக்கு வேற எதுவும் தோண மாட்டேங்குது.”

“அவன ஒண்ணும் சொல்லாத” என்றார் நைனா. “நான் காண்ட்ராக்ட் ஆளு. கேட் பாஸக் குடுத்துட்டுப் போடான்னா போவ வேண்டியதுதான்.” பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினார்.

காலையில் அவர் ஆறு மணி ஷிஃப்டுக்குப் போய்விட்டார். அம்மா எனக்குக் காய்ச்சல் என்று அறிவித்துவிட்டு, வெளியே போகக் கூடாது என்றாள். ஆபீசர்கள் என் படத்தைப் பார்க்க வருகிறார்கள், நான் பாயில் படுத்துக் கிடப்பதா? அம்மா தண்ணீர் லாரிக்குக் குடம் எடுத்துக்கொண்டு போன நேரம் பார்த்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

வகுப்புக்குள் நுழைந்ததும் சார்ட்டைத்தான் பார்த்தேன். அடியில் பெயர் எழுதிய பட்டை இல்லை. கத்தரிக்கோலால் அளவு பார்த்து நேராக வெட்டியிருந்தது. கடந்துபோன மாதங்களின் சார்ட்டுகள் மேஜைமேல் இருந்தன, அவற்றிலும் அப்படியே. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீச்சரிடம் கேட்பதற்குள் ஆபீசர்கள் வந்துவிட்டார்கள். புகையை விசாரிக்க வந்தவர் ஒருவர், கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட கம்பெனிக்காரர் ஒருவர். மாமா வாசலோடு நின்றுகொண்டார்.

“இத வரைஞ்ச பையன் யாரு?” என்று கேட்டார் கம்பெனிக்காரர்.

“பசங்க யாரும் வரையல சார். நான்தான் வரைஞ்சேன்” என்றார் டீச்சர்.

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்றே சந்தேகமாக இருந்தது. அந்தச் சுருள்களில் ஒன்றைக்கூட அவர் தொட்டதில்லை. எழுந்து நின்று கையைத் தூக்கினேன். “டீச்சர், அது நான்...”

“உட்காரு.” அந்தக் குரலில் அவர் எங்களிடம் அதற்குமுன் பேசியதே இல்லை. “உன் அட்டைய எடுத்து வேலையப் பாரு.”

கம்பெனிக்காரர் என் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டே குனிந்தார். “நீயா பாப்பா போட்டே? உன் பேரு இன்னா?”

“எதக் காட்டினாலும் நான்தான்னு கையத் தூக்குங்க சார்” என்றார் டீச்சர். “வேணும்னா கேட்டுப் பாருங்க. யாரெல்லாம் இந்தப் படம் போட்டது?”

கேட்க வேண்டுமா. முப்பது கைகள் எழுந்தன. நானு சார், நானு சார் என்று ஒன்றாம் வகுப்புக் குஞ்சுகள் வரை குதித்தன. ஒரு பையன் சார்ட்டே எங்கள் வீட்டில் செய்ததுதான் என்றான். கம்பெனிக்காரர் நிமிர்ந்துவிட்டார்.

கல்வி அலுவலகத்துக்காரர் சார்ட்டின் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். “சின்னப் புள்ள கை மாதிரி இருக்கேம்மா.”

“எனக்குப் படம் வராது சார்.”

“புள்ளைங்க செய்ய வேண்டியத நீங்களே செஞ்சு மாட்டி வெச்சா, அதுக்குப் பேரு இன்னாம்மா? எழுத்துல விளக்கம் குடுக்கணும், தெரியும்ல?”

“குடுக்கறேன் சார். தினம் ஒம்பதே கால் மணிக்கு வாசல்ல நின்னு என் கண்ணால பார்த்தேன். பார்த்ததப் போட்டேன். அதையும் எழுத்துல குடுக்கறேன்.”

சார்ட்டுகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவர்கள் போனார்கள். பார்க்காததைப் போடாதே என்று எனக்குப் பாடம் சொன்னவர், என் கண் முன்னால் என் படத்தைத் தன் படம் என்று சொல்லிவிட்டார். மத்தியானம் சத்துணவு வரிசையில் அவர் என் தலையைத் தொட வந்தபோது, கட்டைவிரலைத் தாடைக்கு அடியில் வைத்து இழுத்துக் ‘காய்’ காட்டினேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நைனா பஸ் ஏறிப் பழவேற்காடு போய் இறால் வாங்கி வந்தார். சமையல் பக்கம் எட்டிப் பார்க்காதவர், அன்று முற்றத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்து நரம்பு எடுத்துக் கொடுத்தார். எங்களுக்குத்தான் விருந்து என்று காத்திருந்தால், எங்களுக்கு ஆளுக்கு நாலு. மிச்சத்தை மறுநாள் காலை அம்மா சுடவைத்து எவர்சில்வர் டப்பாவில் அமுக்கி மூடி என் பையில் வைத்தாள்.

“டீச்சர் கையில குடு. வழியில தொறக்காத.”

என் படத்தைத் திருடியவளுக்கு எங்கள் வீட்டு இறாலா? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒன்று விடாமல் நானே தின்றேன். டப்பாவைக் குழாயில் கழுவிச் சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தேன்.

“இன்னா சொன்னாங்க?” என்றாள் அம்மா.

“நல்லா இருந்துச்சாம்.”

உள்ளேயிருந்து நைனா கேட்டார். “வேற எதுவும் சொல்லலியா?”

“இல்ல.”

புகை நாலைந்து மாதம் குறைந்தது, பிறகு பழையபடி ஆனது. பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் டீச்சரைத் திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். பொன்னேரியிலிருந்து அங்கே போய்வர எத்தனை நேரம் ஆகும், எத்தனை வண்டி மாற வேண்டும் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. கடைசி நாள் எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்துக்கொண்டு வந்தவர், என் முன்னால் நின்று இரண்டு விரலை நீட்டி, “பழம்?” என்றார். நான் சாக்லேட்டை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போன வருஷம் எனக்கு இதே வட்டாரத்தில் வேறொரு கம்பெனியின் லேப்பில் வேலை கிடைத்தது. மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுகிற வேலை. முதல் நாள் கிளம்பும்போது நைனா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் இப்போதும் அதே கம்பெனிதான், ஆனால் பர்மனன்ட் ஆகி வெகு நாளாயிற்று. ஷூவை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் அவராகவே பேச ஆரம்பித்தார்.

“ஸ்கூலுக்கு ஆபீசருங்க வந்தாங்களே, அன்னிக்கு கேட்டாண்ட எங்களயெல்லாம் நிக்க வெச்சி, எவன் ஊட்டுப் புள்ளடா அதுன்னு கேட்டானுங்க. அப்பறம் எவனோ வந்து, டீச்சரே வரைஞ்சிதாம்னு சொன்னான். எல்லாரையும் உள்ள வுட்டானுங்க. அந்தம்மா மட்டும் உன் பக்கம் கைய காட்டியிருந்தா நாம இந்நேரம் எந்த ஊர்லயோ.”

நான் கட்டிய நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

“கும்புடு போட்டுட்டு வரலாம்னு ரெண்டு தபா ஸ்கூல் கேட்டு வரிக்கும் போனேன். என்னிய அங்க எவனாச்சும் பாத்தா அவங்களுக்குத்தான் பேஜாரு. அதான் திரும்பி வந்துட்டேன். இறால் குடுத்தனுப்புனோமே, நெனப்பு கீதா? சாப்ட்டாங்க இல்ல?”

“சாப்ட்டாங்க நைனா.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வெட்டியெடுத்த அந்தப் பெயர்ப் பட்டையை டீச்சர் என்ன செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டீச்சருக்குக் காரம் ஒத்துக்கொள்ளுமோ என்னவோ என்று அம்மா அன்று பார்த்துப் பார்த்து மிளகாய் போட்டிருந்தாள். தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றபோது, காரம் கொஞ்சம் கம்மி என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.