கம்பி எண்ணும் வரிகள்

"இது சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

கேட்டுவிட்டுக் கம்பி அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக் கட்டிக்கொள்கிறார். நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்க்கும் மேனேஜருக்கு இது பிடிப்பதில்லை. கேள்வி கேட்பது தன் வேலை என்று நினைத்துக்கொண்டிருப்பவர் அவர்.

"மெஷின் சூடு எவ்வளவுன்னு தெரிஞ்சா நல்லதுதானேம்மா?"

"நல்லதுதான். தெரிஞ்சு?"

"ஃபேன் ஓடுதான்னு ஆளை அனுப்பிப் பார்ப்பேன்."

"அப்ப சரி." வரியின் தலையில் இருந்த # குறியை அக்கா அழிக்கிறார். "அடுத்தது, மெயில் பெட்டியில எத்தனை கடிதம் கிடக்குதுன்னு எண்ணிச் சொல்ற பிளகின். இது?"

"அதுவும் இருக்கட்டுமே."

"இந்த மெஷின்ல மெயிலே கிடையாதே, சார்!"

மேனேஜர் அதற்குமேல் நிற்பதில்லை. அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு நழுவிவிடுகிறார்.

அக்கா வேலை பார்ப்பது நகரப் பேருந்துகளை நடத்தும் நிறுவனத்தில். பேருந்து என்ன, அவருக்குச் சைக்கிள்கூட ஓட்ட வராது. நிறுத்தங்களில் 'அடுத்த பேருந்து இத்தனை நிமிடத்தில்' என்று பச்சை எழுத்தில் ஓடும் பலகைகள் இருக்கின்றனவே, அவற்றுக்குச் செய்தி அனுப்பும் கணினிகள் கீழ்த்தளத்து அறையில் அடுக்கடுக்காக நிற்கின்றன. அந்தக் கணினிகளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கவனித்துக்கொள்வதுதான் அக்காவின் பிழைப்பு.

கவனிப்பது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. அதற்கென்று ஒரு நிரல் உண்டு. யார் கண்ணிலும் படாமல் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். தொழிலில் அதை டீமன் என்கிறார்கள். அக்கா பேய் என்றே சொல்லிவிடுவார். "பேய்தான். ஆனா லீவு கேட்காம வேலை செய்யற பேய்." அந்தப் பேய்க்குத் தானாக ஒன்றும் தெரியாது. நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கேட்க ஒரு பிளகின் (செருகு நிரல்), வட்டில் இடம் மிச்சமிருக்கிறதா என்று கேட்க இன்னொன்று, வலைத்தொடர்பு மூச்சு வாங்குகிறதா என்று கேட்க வேறொன்று என்று ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியாகச் செருகிவிட வேண்டும். எதைச் செருகுவது, எத்தனை விநாடிக்கு ஒருமுறை கேட்பது, எந்த அளவைத் தாண்டினால் கூச்சல் போடுவது என்பதெல்லாம் ஒரு நீண்ட கோப்பில் எழுதப்பட்டிருக்கும். எந்த வரியின் தலையில் # இருக்கிறதோ அந்த வரியைப் பேய் படிக்காமல் தாண்டிப் போய்விடும்.

அந்தக் குறிக்குத்தான் அக்கா கம்பி என்று பெயர் வைத்திருக்கிறார். ஜன்னல் கம்பி மாதிரி இருக்கிறதாம். "அந்த பிளகின் எங்கேக்கா?" என்று யாராவது கேட்டால், "அது உள்ள கம்பி எண்ணிக்கிட்டு இருக்கு" என்பார். எந்த வரியையும் அவர் அடியோடு அழித்ததில்லை. உள்ளே தள்ளலாம், தூக்கில் போடக் கூடாது என்பது அவருடைய சட்டம். கடைசியில் பெயர் வைத்தவருக்கே பெயர் ஒட்டிக்கொண்டது. வாசல் காவலாளி முதல் தலைமை அதிகாரி வரை எல்லோருக்கும் அவர் கம்பி அக்காதான். தலைமை அதிகாரி அவரைவிட வயதில் மூத்தவர் என்பதை யாரும் சட்டை செய்வதில்லை.

கோப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் திறக்கும் வரி ஒன்று, மூடும் வரி ஒன்று உண்டு; அக்கா முதலாவதை எழுதிய கையோடு இரண்டாவதையும் எழுதிவிட்டுத்தான் நடுவில் நிரப்புவார். ஒரு மூடல் விட்டுப்போனால் பேய் எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். வீட்டிலும் இதே கதைதான். மூடி கைக்கு வந்த பிறகுதான் டப்பாவில் சாப்பாடு விழும். மூடி அகப்படாத நாளில் வீடு தலைகீழாகும். நொடிக்கு நொடி மெஷினைக் கேள்வி கேட்டு வைக்கும் புது ஆட்களை அவருக்குக் கண்டாலே ஆகாது. "மூச்சு விடுறியா, மூச்சு விடுறியான்னு நச்சரிச்சா யாருக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும்."

'என்ன பண்ணுவீங்க?' என்ற அக்காவின் கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில் எல்லாக் கம்பியையும் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தார்கள். நாளெல்லாம் போன் அலறும். அலறி அலறி யாருமே காதில் போட்டுக்கொள்ளாத நிலை வந்தது. அன்றிலிருந்து, பதில் கையில் இருந்தால்தான் கேள்வி. தெரிந்து ஒன்றும் செய்ய முடியாது என்றால், தெரிந்து எதற்கு வயிற்றெரிச்சல்? கம்பிதான். மின்சாரம் போனால் கணினிகளைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும் பேட்டரிகளுக்கும் ஒரு பிளகின் உண்டு. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று அது சொன்னால் என்ன செய்வீர்கள் என்று மேனேஜரைக் கேட்டார். "இந்த வருஷம் புதுசுக்கு வழியே இல்லைம்மா" என்றார் அவர். அந்த வரியும் உள்ளே போனது.

அக்காவின் கணவர் மூக்குக் கண்ணாடி பழுது பார்ப்பவர். சின்னக் கடை, ஒரு ஆள் உட்கார ஒரு ஆள் நிற்க. எறும்பு தூக்கிப்போகும் அளவு திருகாணிகளை இடுக்கியால் எடுத்துக் கண்ணாடிக் காலில் பொருத்துவார். அக்காவுக்கு அவர் கையைப் பார்ப்பதில் கல்யாணமான புதிதிலிருந்தே ஒரு மயக்கம் உண்டு. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு வெள்ளைப் பலகை ஒட்டியிருக்கிறது. செய்ய வேண்டியதை எழுதி வைப்பார்கள். குழாய்க்கு வாஷர், ஜன்னல் திரை, மாடி அறைக்குப் பெயிண்ட். இப்போதைக்கு முடியாது என்றால் அழிப்பதில்லை, முன்னால் கம்பி போடுவார்கள். இதை ஆரம்பித்ததும் கணவர்தான், கிண்டலுக்காக. 'துணி மடிப்பது' என்று அக்கா எழுதியதன் தலையில் அச்சடித்தது போல ஒரு # போட்டுவிட்டு, "உங்க ஆபீஸ் சட்டம்தானே?" என்றார். அக்கா சிரித்துவிட்டார். துணி இன்றைக்கும் கூடையில்தான் கிடக்கிறது.

கொஞ்ச காலமாகக் கணவரின் வலது கை நடுங்குகிறது. திருகாணி கீழே விழுந்தால் "ஃபேன் காத்து" என்பார். ஃபேனை நிறுத்தியும் விழுந்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்தார். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் வலது கை சட்டைப் பைக்குள் போய்விடும். அக்கா எல்லாவற்றையும் பார்த்தார், சும்மா இருந்தார், பிறகு பொறுக்க முடியாமல் பலகையில் எழுதினார்: 'டாக்டர் - கை.'

மறுநாள் காலையில் அந்த வரிக்கு முன்னால் கம்பி.

"ஏங்க, என்னது இது? கம்பி நீட்டலாம்னு பார்க்கறீங்களா?"

"நீட்டலை. போட்டிருக்கேன்." செய்தித்தாளிலிருந்து அவர் தலையைத் தூக்கவில்லை. "டாக்டர் சொன்னா நீ என்ன பண்ணுவே? பண்ண ஒண்ணும் இல்லேல்ல? அப்ப எதுக்குக் கேட்கணும்?"

அக்கா மேனேஜர்களை ஓட ஓட விரட்டிய கேள்வி, அவர் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. அதைவிட வேறொன்று அவரை உலுக்கியது. துணி மடிப்பதற்கு முன்னால் இருந்த # நேராக இருந்தது. இந்தப் புது #-இல் நாலு கோடும் நடுங்கியிருந்தன.

விஷயம் தெரிந்து நாத்தனார் போனில் அழுதார். "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது அண்ணி. கடைசி வரைக்கும் டாக்டர்கிட்ட போகவே இல்லை. அண்ணன் பக்கத்துல இருந்தே பார்த்தான். அவனுக்குப் பயம், அண்ணி. நீங்க சொன்னாத்தான் கேட்பான்." என்ன சொல்வது? அக்காவுக்கும் பயம்தான். கைதான் அந்தக் கடை, அந்தக் கைதான் அந்த மனுஷர். என்னமோ ஒன்று என்று டாக்டர் பெயர் வைத்துவிட்டால், அதன்பிறகு அந்தப் பெயரோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும். உள்ளுக்குள் அக்காவும் அந்தக் கம்பி அங்கேயே இருக்கட்டும் என்றுதான் நினைத்தார். பலகையைத் துடைக்கும்போதெல்லாம் அந்த வரியைச் சுற்றித் துடைத்தார்.

இப்படியிருக்க, ஒரு நாள் மத்தியானம் நகரத்தின் பாதிக்கு மின்சாரம் போனது. பேட்டரி தாங்கும் என்று எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பேட்டரி ஒரு மூச்சுகூட விடவில்லை. கீழ்த்தளத்துக் கணினிகள் நின்ற வாக்கில் செத்தன. நிறுத்தங்களில் ஒரு பலகைகூட மிச்சமில்லாமல் இருண்டது. மின்சாரம் திரும்பிய பிறகும் அக்கா ஒவ்வொரு மெஷினாகத் தட்டி எழுப்பி, உடைந்த கோப்புகளை ஒட்ட வைத்து நிமிர்வதற்குள் ராத்திரி ஆகிவிட்டது.

எலக்ட்ரீஷியன் பேட்டரி அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு உச்சுக் கொட்டினார். "ஊதிப்போய்க் கிடக்கும்மா எல்லாம். இதுக்கு உசுரு போகப் போகுதுன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்திருந்தா, பாதி மெஷினைக் கழட்டி விட்டிருப்பேனே. மிச்சப் பாதியை இது தாங்கியிருக்குமே."

"புதுசு வாங்க வழியில்லைன்னாங்கண்ணே."

"புதுசு யாரு கேட்டா? இருக்கிறதை வச்சு ஓட்டத் தெரியாதா எனக்கு?"

அக்கா தன் இடத்துக்கு வந்து கோப்பைத் திறந்தார். பேட்டரி வரியைத் தேடிப் பிடித்து அதன் தலையிலிருந்த கம்பியை எடுத்தார். மேனேஜர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இந்த நாளுக்காகவே காத்திருந்த மனிதர் விடுவாரா?

"இது சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"தெரியலை, சார்" என்றார் அக்கா. "முதல்ல சொல்லட்டும். அப்புறம் யோசிப்போம்."

ஜெயித்துவிட்ட மேனேஜருக்கு அந்த வெற்றி ஏனோ ருசிக்கவில்லை. "வீட்டுக்குப் போங்கம்மா, முகமே சரியில்லை" என்றார்.

அன்றைக்குக் கணவர் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ஆச்சுங்க?"

"பஸ்ஸுக்கு நின்னேன். பலகை இருட்டிக் கிடந்துச்சு. இதோ வருது, அதோ வருதுன்னு நின்னுக்கிட்டே இருந்தேன். பக்கத்துலேயே பெஞ்சு. உட்காரலை. உட்கார்ந்தா அந்த நேரம் பார்த்து வந்துடுமோன்னு ஒரு இது. கால் ரெண்டும் மரத்துப்போச்சு."

"என்னாலதாங்க. பேட்டரியைக் கேட்காம விட்டது நான்தான்."

"சரி விடு. பலகை எரிஞ்சிருந்தா மட்டும் பஸ் சீக்கிரமாவா வந்திருக்கும்? வர்றப்பதான் வரும்." நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "ஆனா, தெரிஞ்சிருந்தா உட்கார்ந்திருப்பேன்" என்றார்.

அக்கா தண்ணீர் கொண்டுவரத் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

கணவர் எழுந்து சமையலறைக்குப் போனார். ஃப்ரிட்ஜ் கதவுக்கு எதிரே நின்று, சட்டைப் பையிலிருந்து வலது கையை எடுத்தார். கட்டை விரலால் அந்தக் கம்பியைத் துடைத்தார். விரல் நிலைகொள்ளவில்லை. கம்பியோடு சேர்ந்து 'டாக்டர்' பாதி அழிந்துபோனது. அழிந்த எழுத்தைச் சற்று நேரம் பார்த்தார். மார்க்கரை எடுத்து மூடியைக் கழற்றினார். பிறகு, நடுங்கும் கையை மறைக்காமல், பின்னால் வந்து நின்ற அக்காவிடம் மார்க்கரை நீட்டினார்.